பெரியப்பாவின் தட்டா, புதுத் தட்டா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய பெரியப்பா விட்டுப்போன இசைத்தட்டுகளில் இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஒன்று இருக்கிறது, இந்தியாவில் அச்சானது. போன மாதம் அதன் புது மறுபதிப்பை நாலாயிரம் ரூபாய் சொச்சம் கொடுத்து வாங்கியிருக்கிறார். மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் வேறு வேறாகக் கேட்கிறதாம். சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர், "இந்தியத் தட்டெல்லாம் குப்பை, இங்கிலாந்து முதல் பதிப்பைத் தேடி வாங்கு" என்கிறாராம். "எதுதான் அண்ணாச்சி நிஜம்?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, இரண்டு தட்டு வேறு வேறாகக் கேட்டால், எது நிஜம் என்பதற்கு முன்னால் எது மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாறக்கூடிய இடங்கள் மூன்று. ஸ்டூடியோவில் தனித்தனி டிராக்குகளில் பதிவான டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாவற்றையும் எந்த அளவில், எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்து இரண்டு டிராக்காக இறக்குகிறார்களே, அது மிக்ஸ். அந்த இரண்டு டிராக் டேப்பை எடுத்து, தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி பாஸ், டிரெபிள், சத்தம் எல்லாம் சரிசெய்து வெட்டிக் கொடுப்பது மாஸ்டரிங். வெட்டியதிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான வினைலை நடுவில் வைத்து அமுக்குவது பிரஸ்ஸிங்.

நெல்லைக்காரன் எழுதினால் இந்த இடத்தில் அல்வா உதாரணம் வந்தே தீரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வேண்டாம், புத்தகமே போதும். எழுதியவர் நாவலைத் திருத்தி எழுதினால் அது வேறு மிக்ஸ். அதே நாவலை வேறு எழுத்துருவில், வேறு தாளில் கொண்டுவந்தால் அது வேறு மாஸ்டரிங். உங்கள் கைக்கு வந்த பிரதியில் நாற்பதாம் பக்கம் மை இழுவியிருந்தால் அது பிரஸ்ஸிங். ரெக்கார்டு பைத்தியங்களின் சண்டையில் முக்கால்வாசி, மை இழுவியதற்கு எழுதியவரைத் திட்டுகிற சண்டைதான்.

உங்கள் இரண்டு தட்டிலும் மிக்ஸ் ஒன்றே. 'டார்க் சைட்' 1973 மார்ச்சில் வந்தது. அப்போது செய்த ஸ்டீரியோ மிக்ஸைத்தான், அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கானதைத்தான், திரும்பத் திரும்ப மாஸ்டரிங் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆலன் பார்சன்ஸ் செய்த நான்கு ஸ்பீக்கர் மிக்ஸ் ஒன்று உண்டு. 2003-ல் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 மிக்ஸ், அதாவது ஆறு ஸ்பீக்கருக்கானது, உண்டு. உங்களிடம் உள்ள இரண்டு தட்டிலும் இருப்பது அவை இல்லை. ஆக, நீங்கள் கேட்கும் வித்தியாசம் மாஸ்டரிங்கிலோ, பிரஸ்ஸிங்கிலோ, அல்லது உங்கள் ஊசியிலோ இருக்கிறது.

மிக்ஸ் மாறினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள பீட்டில்ஸிடம் போக வேண்டும். 1967-ல் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வந்தபோது இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் மோனோதான், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். நால்வரும் கூட உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடித்தார்கள். விளைவு, 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டு மோனோவில் வேகமாகவும் ஸ்ருதி கூடியும் ஓடும். ஸ்டீரியோவில் அரைச் சுரம் இறங்கி, கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருக்கும். நான் ஸ்டீரியோவைத்தான் இருபது வருஷம் கேட்டு வளர்ந்தேன். மோனோவை முதலில் கேட்டபோது டர்ன்டேபிள் வேகம் கெட்டுவிட்டது என்று நினைத்து, மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவன் நான்.

அடுத்த வருஷத்து வெள்ளை ஆல்பத்தில் இன்னும் வேடிக்கை. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் நாலரை நிமிஷம் ஓடி, கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ கத்துவதோடு முடியும். மோனோவில் அதற்கு ஒரு நிமிஷம் முன்பே முடிந்துவிடும், கத்தலே கிடையாது. இந்த இரண்டில் எது நிஜம் என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டுமே அவர்கள் வெளியிட்டதுதான்.

அவர்களுடைய ஆரம்ப கால ஸ்டீரியோ பற்றியும் சொல்ல வேண்டும். 1963-ன் முதல் ஆல்பத்தை இரண்டே டிராக்கில் பதிவு செய்தார்கள், ஒன்றில் வாத்தியங்கள், இன்னொன்றில் குரல்கள். ஸ்டீரியோ தட்டில் அப்படியே வாத்தியம் ஒரு ஸ்பீக்கரிலும் பாட்டு மறு ஸ்பீக்கரிலும் வரும். கோயில் கொடையில் ஒரு பக்கக் குழாய் அவிந்துபோன மைக் செட் மாதிரி இருக்கும். மோனோவில் கேளுங்கள், நாலு பையன்கள் ஒரே அறையில் நின்று அடிப்பது தெரியும். 2009-ல் சிடியாகவும், 2014-ல் பழைய டேப்பிலிருந்தே வெட்டிய எல்பி தட்டாகவும் மோனோ மறுபடி வந்தது. பீட்டில்ஸுக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் அந்த 2014 தட்டுகளுக்குச் செலவழியுங்கள்.

புதிதாக மிக்ஸ் செய்வதும் பாவம் ஒன்றும் இல்லை. ஜெத்ரோ டல் குழுவின் 'அக்வாலங்' 1971-ல் வந்ததிலிருந்தே மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது என்ற புகார் உண்டு. நாற்பதாவது வருஷத்தை ஒட்டி 2011-ல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் பழைய மல்டிடிராக் டேப்பிலிருந்து அதைப் புதிதாக மிக்ஸ் செய்தார். பெருமாள்புரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். நாங்கள் மூன்று பேர் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் சொல்லி விவாதித்துக்கொண்டிருந்தோம். காபி கொண்டுவந்த மதினி, "முதல்ல போட்டதுல அந்த ஆளு கதவுக்கு வெளிய நின்னு பாடுதான், இதுல உள்ள வந்துட்டான்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. ஸ்டூஜஸ் என்ற குழுவின் 'ரா பவர்' 1973-ல் டேவிட் போவி மிக்ஸில் வந்தது. மெலிந்து, கிறீச்சிட்டு, பாஸே இல்லாமல் இருக்கும். 1997-ல் அந்தக் குழுவின் பாடகர் இகி பாப் தானே உட்கார்ந்து அதை மறுபடி மிக்ஸ் செய்தார். எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி, சத்தம் உடைகிற அளவுக்குக் கொண்டுபோய் விட்டார். பாடியவரே செய்ததாயிற்றே என்று பார்த்தால், பத்து நிமிஷத்தில் எனக்குத் தலைவலி. போவியுடையதையே கேட்கிறேன்.

சரி, மாஸ்டரிங். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். எல்பியில் பாஸ் அதிகமானால் குரூவ், அதாவது ஊசி ஓடும் பள்ளம், அகலமாக அலையும், இடத்தைத் தின்னும். ஊசியைத் தூக்கியும் எறியும். அதனால் வெட்டும்போது பாஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஊசியின் மெல்லிய சிக்னலை ஏற்றித் தரும் போனோ பிரீஆம்ப் என்ற கருவி அதைத் திருப்பிப் போடும். 1954-லிருந்து இதற்கு ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். உங்கள் டர்ன்டேபிளை நேராக ஆம்ப்பின் ஆக்ஸ் என்ற சாதாரணத் துளையில் செருகியிருந்தால், உள்ளே பிரீஆம்ப் இல்லாத மாடலாக இருக்கும் பட்சத்தில், எந்தத் தட்டும் தகர டப்பா மாதிரிதான் கேட்கும். முதலில் அதைப் பாருங்கள்.

பாஸை எவ்வளவு குறைப்பது, சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது என்பதெல்லாம் வெட்டுகிற ஆளின் துணிச்சல். 1969-ல் 'லெட் செப்லின் 2' ஆல்பத்தை அமெரிக்காவில் பாப் லட்விக் வெட்டினார். பயங்கர சத்தமாக, பாஸை அடக்காமல் வெட்டிய தட்டு. அட்லாண்டிக் கம்பெனி மேலதிகாரி ஒருவருடைய மகளின் மலிவான பிளேயரில் ஊசி துள்ளியது என்பதற்காக, அதை ஓரங்கட்டிவிட்டு அடக்கி வாசிக்கும் இன்னொன்றை வெட்டச் சொன்னார்கள். லட்விக்கே சொன்ன கதை இது. அவருடைய முழுப்பெயரான ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகள் 'ஆர்எல்' பொறித்த அந்த முதல் தட்டுகளுக்கு இன்றைக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், பைக் வாங்குகிற காசு. ஒரு சின்னப் பெண்ணின் பிளேயரில் ஊசி துள்ளியதற்கு ஐம்பது வருஷம் கழித்து நாம் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மாஸ்டரிங்குக்கும் மேலே ஒரு விவகாரம், நீளம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985-ல் வந்தபோது சிடிக்கு 55 நிமிஷம், எல்பிக்கு சுமார் 48 நிமிஷம். பக்கத்துக்கு இருபது நிமிஷத்தைத் தாண்டினால் குரூவை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும் என்பதால் பாட்டுகளையே வெட்டிவிட்டார்கள். 'ஒய் வொர்ரி' சிடியில் எட்டரை நிமிஷம், பழைய எல்பியில் ஐந்தரைகூட இல்லை. எல்பிதான் அசல், சிடி நகல் என்று சத்தியம் செய்கிறவர்களிடம் இந்த ஆல்பத்தைக் காட்டுங்கள். அது பதிவானதே டிஜிட்டலில்.

டிஜிட்டல் என்றதும் இன்னொன்று. மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனி பழைய மாஸ்டர் டேப்பிலிருந்து உயர்தர மறுபதிப்புகள் செய்து பெயர் வாங்கியது. டிஜிட்டல் கை படாதது என்று நம்பி உலகம் முழுக்க வாங்கினார்கள். நடுவில் டிஜிட்டல் படி ஒன்று பல வருஷமாகவே இருந்தது என்பது 2022-ல் வெளியே வந்தது. கோபப்பட்டார்கள், வழக்குப் போட்டார்கள். நியாயம்தான், சொல்லாமல் விற்றது தப்பு. ஆனால் அத்தனை வருஷம் 'அனலாக் மணம் அடிக்கிறது' என்று எழுதிக்கொண்டிருந்த காதுகளில் ஒன்றுகூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் அந்தக் கம்பெனித் தட்டு இரண்டு உண்டு. நானும் கண்டுபிடிக்கவில்லை.

இனி பிரஸ்ஸிங், அதாவது உங்கள் பெரியப்பாவின் தட்டு. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் கல்கத்தா டம்டம் ஆலை பழைய ஆலை. இ.எம்.ஐ. குழுமத்து ஆல்பங்களை நமக்கு அச்சடித்துத் தந்தது அதுதான். 1960-களின் நடுவில், பெரும்பாலான நாடுகள் விட்டுவிட்ட பிறகும், பீட்டில்ஸ் பாட்டுகளை நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டாகவே அங்கே அச்சடித்தார்கள். கைச்சாவி கிராமபோன் வைத்திருந்த வீடுகள் நம்மிடம் அவ்வளவு இருந்தன. அந்தத் தட்டுகளுக்கு இன்று வெளிநாட்டில் அடிதடி.

பலமுறை டம்டம் ஆலைக்கு இங்கிலாந்தில் வெட்டியதன் உலோக அச்சே வந்தது. அதாவது குரூவில் இருக்கும் மாஸ்டரிங் லண்டன்காரர்கள் வெட்டியதேதான். கோளாறு வினைலில். என்னிடம் உள்ள இந்தியத் தட்டுகளில் பாதி, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே சட்டியில் கடுகு தாளிக்கும். ஆனால் சத்தம் அடங்கி நல்லதாக அமைந்த பிரதி ஒன்று கிடைத்தால், நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கிய வெளிநாட்டு மறுபதிப்பைவிட உயிரோடு இருக்கும்.

எந்த அச்சு என்பதைத் தெரிந்துகொள்ள லேபிளைப் பார்க்காதீர்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழவழவென்று ஒரு வளையம் இருக்கும், அங்கே பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். இங்கிலாந்து எண்ணின் கடைசியில் வரும் சின்ன எண் எத்தனையாவது முறை வெட்டியது என்பதைச் சொல்லும். இ.எம்.ஐ. இங்கிலாந்து ஆலையில் இன்னும் ஒரு படி மேலே போய், எத்தனையாவது ஸ்டாம்பர், அதாவது வினைலை அமுக்கும் உலோக அச்சு, என்பதையும் எழுத்தில் பொறித்தார்கள். கிராமபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் உள்ள பத்து எழுத்துகள்தான் பத்து எண்கள். ஜி ஒன்று, ஆர் இரண்டு, ஏ மூன்று, எம் நாலு என்று போகும். கடைசி இரண்டும் தமிழில் 'டி' ஆகிவிடுகிறது. தூத்துக்குடியின் ஆங்கில முதலெழுத்து 9, டெல்லியின் முதலெழுத்து சைபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆர்ஏ' என்று இருந்தால் 23-வது ஸ்டாம்பர். நம்ம ஊர் பலசரக்குக் கடைகளில் அடக்க விலையை யாருக்கும் புரியாத எழுத்தில் டப்பா மேல் குறித்து வைப்பார்களே, அதே உத்தி.

இந்த எண்ணின் அருமை எனக்கு 2023 டிசம்பரில் தெரிந்தது. சிந்துபூந்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். பதினெட்டாம் தேதி தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. கீழ் அடுக்கில் இருந்த அறுபது தட்டும் சகதியில். உறைகள் எல்லாம் கூழ், லேபிள்கள் பாதி உரிந்துவிட்டன. வினைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடித்தா சாகும் அது? கழுவிக் காயவைத்துவிட்டு, எது எந்தத் தட்டு என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்து அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அப்போதுதான் இன்னொன்றும் வெளிச்சமானது. 'முதல் பதிப்பு' என்று சொல்லி ஒரு வியாபாரி எனக்கு விற்ற தட்டு, பல வருஷம் பிந்தி வெட்டியது. உறையும் தட்டும் வேறு வேறு. உறையை வைத்து ஏமாந்திருக்கிறேன், வெள்ளம் வந்து உறையைக் கரைத்த பிறகு விஷயம் தெரிகிறது.

உங்கள் இரண்டு தட்டையும் ஒப்பிடும் முறைக்கு வருவோம். முதலில் பழையதைக் கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற துணி, குரூவ் ஓடும் திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். பெரியப்பா பெட்டியில் 78 தட்டு ஏதாவது இருந்தால் ஸ்பிரிட் வகை எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும்.

அப்புறம் சத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் நடந்த ஒப்பீடு எதையும் நான் நம்புவதில்லை. துளி சத்தம் கூடினாலே நம் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். முன்னே சொன்ன பெருமாள்புரம் வீட்டில் ஒருநாள் நண்பரின் மகன் எங்களுக்குத் தெரியாமல் ஒரே தட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாம் முறை குமிழை ஒரு மயிரிழை திருப்பி வைத்தான். மூன்று நிபுணர்களும் இரண்டாவதுதான் நல்ல பிரஸ்ஸிங் என்று தீர்ப்புச் சொன்னோம். ஃபோனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஒரே இடத்தில் வைத்து, ஒரே பகுதியை இரண்டு தட்டிலும் போட்டு, அளவை ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள்.

எந்தப் பகுதியைக் கேட்பது? 'டார்க் சைட்' ஆரம்பமே மெல்லிய இதயத் துடிப்பு. வினைலின் இரைச்சலை அளக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, அங்கே உங்கள் புதுத் தட்டு ஜெயிக்கும். அடுத்து முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்குப் போங்கள், கிளேர் டோரி சொல்லே இல்லாமல் குரலை மட்டும் ஏற்றி ஏற்றிப் பாடுவது. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் குரூவ் ஓடும், உள்ளே லேபிள் பக்கத்தில் வெறும் 21. அதே குரலை அந்தக் கொஞ்ச நீளத்துக்குள் திணிக்க வேண்டும். அந்தப் பெண் உச்சத்தைத் தொடும்போது குரல் கிழிந்தால், ஊசியின் முனை தேய்ந்திருக்கிறது, அல்லது பெரியப்பாவின் பழைய பிளேயர் அந்த குரூவை ஏற்கெனவே உழுதுவிட்டது. புதுத் தட்டிலும் கிழிந்தால் ஊசியை மாற்றுங்கள், தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். கிழியாமல், அந்த அறையின் காற்றோடு குரல் நிற்கிறதா, எந்தத் தட்டில் நிற்கிறது என்று பாருங்கள். என் ஊகம், இரைச்சலை மன்னித்துவிட்டால் பழையது உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடும். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, புதியது நன்றாகவே வெட்டப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்து முதல் பதிப்பு, அதாவது லேபிளின் முக்கோணம் முழுக்க நீலம் நிரம்பியது, இப்போது வேண்டாம். அந்த விலையில் நல்ல கார்ட்ரிட்ஜும் (ஊசி உட்காரும் பாகம்) போனோ பிரீஆம்ப்பும் வாங்கி, மிச்சத்தில் பத்து ஆல்பம் வாங்கலாம். தட்டின் எடை 180 கிராம் என்று உறையில் ஒட்டியிருப்பதையும் பெரிதாக எடுக்காதீர்கள். கனமான தட்டு லேசில் வளையாது, அவ்வளவுதான். கனத்துக்கு இசை கூடாது.

அந்த வளையத்து எண் ஃபோட்டோவில் சரியாக விழாது, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தட்டோடு ஜங்ஷன் பக்கம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள் தம்பி, காரில் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் தட்டு அப்பளமாகிவிடும்.